மலைக்கு முக்கால் மணி நேரம்

சித்தன்னவாசல் மலைக்கு நாம் ஒதுக்குவது முக்கால் மணி நேரம். பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்கும் படகுக்கும் ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலாப் பொறுப்பில் இருக்கும் எந்த ஆசிரியரிடம் திட்டத்தாளை வாங்கிப் பார்த்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மேலிடத்திலிருந்து யாரும் இப்படிப் போடச் சொல்லவில்லை. போன வருடத் தாளில் இருந்தது, டிராவல்ஸ்காரர் சொன்னது, பிள்ளைகள் கேட்டது எல்லாம் சேர்ந்து ஒரு கணக்கு உருவானது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

நாம் என்று சொல்வதில் எல்லாரும் உண்டு. வரலாறு எடுப்பவர்கள், எடுக்காதவர்கள், தலைமையாசிரியர்கள், பணம் கட்டி அனுப்பும் பெற்றோர். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடும் இந்த விஷயத்தில் பெரிதாக இல்லை. பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் குறைவைத்ததில்லை. ஏறும்போது தலை எண்ணுகிறோம், இறங்கும்போது எண்ணுகிறோம், சாப்பிட்டு முடித்ததும் எண்ணுகிறோம். ஒப்புதல் கடிதம் வாங்குகிறோம். முதலுதவிப் பெட்டியிலிருந்து வாந்திக்கு எலுமிச்சம்பழம் வரை நினைவாக எடுத்துவைக்கிறோம். அந்தக் கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட, பிள்ளை அங்கே போய் எதைப் பார்க்கப்போகிறது என்பதில் நாம் செலுத்தவில்லை. பல ஆண்டுகளாகச் செலுத்தவில்லை.

வெயிலிலிருந்தே தொடங்கலாம். காலையில் வேறொரு கோயிலையோ அணையையோ முடித்துக்கொண்டு வருவதால் நம் பேருந்துகள் பெரும்பாலும் நடுப்பகலில்தான் சித்தன்னவாசல் சேர்கின்றன. அந்நேரம் பாறை கொதிக்கும். ஏறி இறங்கினால் பிள்ளைகளுக்கு மயக்கம் வந்துவிடும் என்று பயந்து, மேலே போக வேண்டாம், கீழே குடைவரைக் கோயிலின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறோம். பயம் நியாயமானது. அந்நேரத்துக்குப் போய்ச் சேரும்படி திட்டம் போட்டது நியாயமில்லை. அந்த முடிவோடு ஏழடிப்பட்டம் பயணத்திலிருந்து விழுந்துவிடுகிறது. அதோடு சித்தன்னவாசலின் மிகப் பழைய காலமும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது.

ஏழடிப்பட்டம் மலைக்கு மேலே செங்குத்துச் சரிவில் இருக்கும் இயற்கைக் குகை. பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு படிகளால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். உள்ளே வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைப்பக்கம் தலையணைக்கென்று சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சமண முனிவர்கள் தங்கியும் தவமிருந்தும் வாழ்ந்த இடம். இருப்பவற்றில் பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. எருமிநாட்டில் குமுழூர் என்ற ஊரில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது கல்வெட்டறிஞர்களின் கருத்து. அவ்வளவு தொலைவிலிருந்து ஒருவர் நடந்து இந்தப் பாறைக்கு வந்திருக்கிறார். வந்தவருக்கு இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கல்லைத் தேய்த்துப் படுக்க இடம் செய்து தந்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த முனிவர்களும் தங்கள் பெயர்களை அங்கே விட்டுப்போயிருக்கிறார்கள்: திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன். இதைக் கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேள்விகள் தானாக வரும். அவர் எதற்கு வந்தார், என்ன சாப்பிட்டார், தண்ணீருக்கு எங்கே போனார், பேச்சு புரிந்ததா? இந்தக் கேள்விகள் எழ நாம் இடமே கொடுத்ததில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. தமிழ்ப் பிராமியை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். கோடும் வட்டமும் குறுக்குக் கோடும்தான் பெரும்பாலும். பிள்ளைகள் அதை ரகசிய எழுத்தாக எடுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சீட்டு எழுதி விளையாடுவார்கள். இந்தக் கல்வெட்டின் படியும் வாசிப்பும் ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் இருக்கின்றன. ஒரு தாளில் படியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தால், ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே "இளயர்" என்ற பெயரைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவர் வெட்டியதைத் தன் கண்ணால் தானே படிப்பது ஒரு பிள்ளையின் வாழ்நாளில் மறக்காது. பாடப்புத்தகத்தில் தமிழ்ப் பிராமி என்று வருகிறது. அதை ஒரு மதிப்பெண் வினாவாக்கி, விடையை அடிக்கோடிட வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

பிள்ளைகள் பாறையில் பெயர் கிறுக்குகிறார்கள், இதயம் வரைந்து அம்பு விடுகிறார்கள் என்று நாம் வருத்தப்படுகிறோம். தமிழ்நாட்டில் கிறுக்கல் இல்லாத பழைய பாறையோ மண்டபமோ அபூர்வம். 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன. "தொடாதே, எழுதாதே, போலீஸ் பிடிக்கும்" என்று பேருந்து இறங்குமுன் நாமும் மைக்கில் சொல்கிறோம். எழுதக்கூடாது என்பதற்கு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே காரணம் பயம்தான். அந்தக் கல்லில் ஏற்கெனவே ஒருவருடைய பெயர் இருக்கிறது, அதை நீ படிக்கலாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கை கிறுக்கியிருக்குமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

கீழே அறிவர் கோயில். சிறிய குடைவரை. முன்மண்டபமும் அதற்கு உள்ளே ஒரு சதுரக் கருவறையும். கொஞ்சம் பேர் நின்றாலே நிறைந்துவிடும் இடம். அதற்குள் மூன்று பேருந்துப் பிள்ளைகளை வரிசையில் விடுகிறோம். பி.டி. சார் வாசலில் நின்று "பார்த்தாச்சா, நகரு, நகரு" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு நாம் கொடுத்த வேலை அது. ஒரு பிள்ளைக்கு அந்த விதானத்தைப் பார்க்கக் கிடைப்பது சில நொடிகள். நிமிர்ந்து பார்க்கிறது, பச்சையாக ஏதோ தெரிகிறது, முதுகில் பின்னால் இருப்பவன் கை விழுகிறது, வெளியே வந்துவிடுகிறது.

அந்த விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. இலையும் பூவும் மொட்டும் தண்டும் நிறைந்த குளம். மீன்கள் உண்டு. அன்னங்கள் உண்டு. யானைகளும் எருமைகளும் நீருக்குள் நிற்கின்றன. பூப்பறிக்கும் மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். ஒருவர் கையில் தாமரைக் கொத்து. சமண மரபில் தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்க வருகிறவர்கள் கடந்துவரும் குளம் இது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தூண்களில் ஆடும் பெண்கள். ஒரு தூணில் முடி சூடிய அரசனும் அவனுடன் ஒரு பெண்ணும். நிறம் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்தது: சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவிச் சிவப்பு, மஞ்சள் மண். பலவும் உதிர்ந்துபோயின. மிஞ்சியதைப் பார்க்கக் கண் பழக வேண்டும், இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். எத்தனை மீன் என்று எண்ணச் சொல்லி, பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்பி, ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் விட்டால் பிள்ளைகள் நாம் பார்க்காததையும் கண்டுபிடித்துச் சொல்வார்கள். காத்திருக்கும் மற்ற குழுக்கள் வெளியே நிழலில் உட்கார்ந்து வரையலாம், பாறையைப் பார்க்கலாம், கல்வெட்டுத் தாளைப் படிக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை. நேரமும் முன்யோசனையும் தேவை. இரண்டையும் நாம் தரவில்லை.

நாம் சொல்லிக்கொடுத்ததும் பல இடங்களில் தவறு. இந்த ஓவியங்களை வரைவித்தவன் மகேந்திரவர்ம பல்லவன் என்று இன்றும் பல வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அது ஒரு காலத்தில் அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து. பின்னர் அறிவர் கோயிலின் முகப்புப் பாறையிலேயே தமிழ்ப் பாடலாக அமைந்த ஒரு கல்வெட்டு அறியவந்தது. அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தான் என்று அது சொல்கிறது. குடைவரை அதற்கு முந்தியதாக இருக்கலாம். இன்று நாம் காணும் ஓவியங்களை இந்தத் திருப்பணியோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இந்தத் திருத்தம் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. நாம் படித்த காலத்து நோட்டில் இருந்ததை அப்படியே பிள்ளைகளுக்கு இறக்கிவைத்தோம். புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910-இல் தொடங்கியது, திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, நகரத்திலேயே இருக்கிறது. அங்கே போய் ஒரு காப்பாட்சியரிடம் ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் போதும்.

சமணத்தைப் பற்றி நாம் காட்டிய அலட்சியம் இன்னும் பெரிது. சில பெற்றோர், "அது நம்ம சாமி இல்லையே, அங்கே எதுக்கு?" என்று கேட்டதுண்டு. நாம் உட்காரவைத்து விளக்கவில்லை. "பார்க் இருக்கு, போட் இருக்கு" என்று சமாதானம் சொன்னோம். தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பிள்ளைகள் புத்தர் என்கிறார்கள், நாமும் திருத்துவதில்லை. சமணர் என்றால் கடைத்தெருவில் வட்டிக்கடை வைத்திருக்கும் வடநாட்டார் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர்கள் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் இன்றும் உழுது பயிரிட்டு வாழ்கிறார்கள் என்பதும், மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. சீவக சிந்தாமணியை எழுதியவர் சமணர் என்று தமிழாசிரியர் வகுப்பில் சொல்கிறார். சித்தன்னவாசலில் சமணர் வாழ்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நாம் இருவரும் ஒரே பேருந்தில் போனதில்லை.

அதுவும் ஒரு குறைதான். சுற்றுலாவுக்கு யார் போவது என்பதை நாம் பாடத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, யாருக்கு வீட்டில் தோது என்று பார்த்து முடிவு செய்கிறோம். அறிவர் கோயில் கருவறையின் நடுவில் நின்று மெல்ல முனகினால் அந்த ஓசை சுவரெல்லாம் ரீங்கரிக்கும். காவலர் செய்துகாட்டுவார், பிள்ளைகள் சிலிர்த்துப்போவார்கள். ஏன் அப்படி என்று சொல்ல இயற்பியல் ஆசிரியர் அங்கே இல்லை. மலைமேல் நாவற்சுனை என்று ஒரு சுனை. அதன் நீருக்கடியில் பாறையைக் குடைந்து லிங்கம் வைத்த சிறு கோயில் இருக்கிறது, நீரை இறைத்தால்தான் தெரியும். பாறையில் தண்ணீர் எப்படி நிற்கிறது, கோடையில் ஏன் வற்றவில்லை என்று கேட்கப் புவியியல் ஆசிரியர் வரவில்லை. ஓவிய ஆசிரியருக்கு நம் பள்ளிகள் பலவற்றில் பணியிடமே இல்லை. இருக்கும் பள்ளிகளிலும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. தென்னகத்து ஓவியத்தின் தலைவாசலுக்குப் போகும் பயணத்தில் ஓவிய ஆசிரியருக்கு இடமில்லை!

உள்ளூர்க்காரர்களையும் நாம் கேட்டதில்லை. அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு எந்தப் பாறையில் எப்போது நிழல் விழும், எங்கே தேன்கூடு இருக்கிறது, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வழுக்கும் என்று தெரியும். ஒரு தாத்தாவைக் கூப்பிட்டு "ஐயா, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றால் மனம் குளிர்ந்து சொல்வார். தொல்லியல் துறைக் காவலர் ஆண்டு முழுவதும் அந்த ஓவியத்தோடு இருப்பவர். நாம் அவரிடம் பேசுவது கழிப்பறை எங்கே, பேருந்தை எங்கே நிறுத்துவது என்பதோடு சரி.

கழிப்பறை என்றதும் நம் பெண் பிள்ளைகளைச் சொல்லாமல் போக முடியாது. சுற்றுலா நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். குடித்தால் போக வேண்டும், போக இடம் எப்படி இருக்குமோ என்ற பயம். மாதவிலக்கு நாள் என்றால் பெயர் கொடுத்த பிள்ளையும் கடைசி நேரத்தில் "வயிறு வலிக்குது மிஸ்" என்று நின்றுவிடுகிறது. ஆசிரியைகளான நமக்கு இது தெரியும். நாமும் அதே போலத் தண்ணீர் குடிக்காமல் போய்வருகிறவர்கள்தான். தெரிந்தும், முன்கூட்டி ஒரு நாள் போய் வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவரவில்லை. பையில் நாப்கின் எடுத்துவைத்தால் போதும் என்று நினைத்தோம்.

வராத பிள்ளைகளைப் பற்றி இதைவிட வெட்கத்தோடு சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் பணம் கட்ட முடியாமல் சிலர் நின்றுவிடுகிறார்கள். "வீட்டுல வேணாம்னுட்டாங்க சார்" என்பார்கள், காரணம் நமக்குத் தெரியும். சித்தன்னவாசலில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆகிற செலவு பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். அதோடு பொழுதுபோக்குப் பூங்காவின் டிக்கெட்டையும் சேர்த்துத் தலைக்கு ஒரு பெரிய தொகையாக்கியவர்கள் நாம். பூங்காவை எடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகியிருக்கும். நின்றுவிட்டவர்கள் அன்று பள்ளிக்கு வந்து, பாடம் நடக்காத வகுப்பில், வேறு வகுப்புப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைக்கப்படுகிறார்கள். மறுநாள் மற்றவர்கள் பேசும் கதையை வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளையும் அவர்களுக்கு நாம்தான் கொடுத்தோம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளையிடம் "உனக்குக் கஷ்டம்டா கண்ணா, நீ வீட்டிலேயே இரு" என்று அன்பாகச் சொல்லிவிடுகிறோம். ஏழடிப்பட்டம் ஏற அந்தப் பிள்ளைக்கு முடியாமல் போகலாம். அறிவர் கோயிலுக்கு இரண்டு பேர் துணையோடு போக முடியும், அருங்காட்சியகத்துக்குப் போக முடியும், சாலையோரக் கல்வட்டத்துக்குப் போக முடியும். அந்தப் பிள்ளையும் அவன் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியதை நாம் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டோம்.

கல்வட்டங்களை நம் பேருந்துகள் நிற்காமல் கடந்துபோகின்றன. சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள செம்மண் தரையில் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன: வட்டமாக நட்ட கற்கள், கற்பலகை அறைகள், முதுமக்கள் தாழிகள். சமண முனிவர்கள் வருவதற்கு முன்பே இங்கே மனிதர்கள் பிறந்து, உழைத்து, இறந்து, கல் நட்டுப் புதைக்கப்பட்டார்கள் என்பதற்குச் சாட்சி அவை. பிள்ளைக்கு அவை வெறும் கல். இறங்கி நின்று, வட்டத்தை நடந்து சுற்றி, இந்தக் கல்லை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட வைத்திருந்தால் அது வெறும் கல்லாக இருக்காது.

புதுக்கோட்டை கல்குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம். ஒரு பாறை எந்த நாளும் ஜல்லியாகிவிடக்கூடிய ஊரில் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களில் சிலர் நாளைக்கு லாரி ஓட்டுவார்கள், சிலர் குவாரி குத்தகை எடுப்பார்கள், சிலர் கிராம நிர்வாக அலுவலராகவும் வட்டாட்சியராகவும் அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடுவார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதையும் கட்டவோ தோண்டவோ கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் ஏறாத கல்வட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவற்றைத் தெரிந்த ஊர்க்காரர்கள்தான் காப்பாற்ற வேண்டும். கல்வட்டம் எது என்று தெரியாத தலைமுறையை ஊர்க்காரர்களாக உருவாக்கி வைத்திருக்கிறோம். இந்த மாவட்டத்தில் காணாமல்போன ஒவ்வொரு ஈமச்சின்னத்திலும் நம் வகுப்பறைக்கும் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மிகையாகத் தோன்றலாம். ஆனாலும் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நகரத்துக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், அதன்பின் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. சங்ககாலக் கோட்டை ஒன்று மண்ணிலிருந்து கண்முன் எழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. குழிக்குள் அடுக்கடுக்காக மண் நிறம் மாறுவதைப் பார்க்க நம்மில் எத்தனை பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப்போயின? அந்த வருடமும் பலர் ஊட்டிக்குப் போனோம்.

திரும்பிவந்த பிறகு நாம் செய்வது "நான் சென்ற சுற்றுலா" கட்டுரை. அதையும் பிள்ளைகளை எழுதவிடுவதில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டுக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். அத்தனை நோட்டிலும் ஒரே கட்டுரை. சித்தன்னவாசலுக்குப் போகாத பிள்ளையும் அதையே எழுதுகிறது, அதே மதிப்பெண் வாங்குகிறது. போனதற்கும் போகாததற்கும் வித்தியாசமில்லை என்று பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக நாம் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த பயணத்துக்கான தாளை இன்னும் எழுதவில்லை. எழுதும்போது ஒரு நாளுக்கு ஒரு மலை என்று இருக்கட்டும். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரமும் கொடும்பாளூர் மூவர் கோயிலும் பக்கத்திலேயே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுவரும் ஆசை நமக்கு எப்போதும் உண்டு. அவை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இருக்கட்டும், எங்கும் போய்விடாது. வாயில் திறக்கும் நேரத்துக்கு நாம் அங்கே நிற்க வேண்டும், அதற்கேற்ற நேரத்தில் பேருந்து கிளம்ப வேண்டும். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம், பிறகு ஓவியம், பிற்பகலில் அருங்காட்சியகம். பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை போய், ஏறி, பார்த்து, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்து, காவலரோடு உட்கார்ந்து பேசிவர வேண்டும். தமிழ், வரலாறு, அறிவியல் மூவரும் போக வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் தமிழ்ப் பிராமி. கட்டுரை வேண்டாம். ஆளுக்கு ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரட்டும். விடை தெரியாத கேள்விகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்து அந்த ஆண்டு முழுவதும் தேடுவோம்.

பெயர்ப் பட்டியலை எப்போதும் பணம் கட்டியவர்களின் வரிசையில் எழுதிவந்திருக்கிறோம். இந்த முறை சென்ற ஆண்டு வராதவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து முதலில் எழுதுவோம். அந்த வகுப்பு முழுவதும் போவதற்கு எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்போம், முன்னாள் மாணவர்களிடம் கேட்போம். பற்றாததற்கு ஆசிரியர்கள் நாம் பங்கு போட்டுக்கொள்வோம். அதன் பிறகு டிராவல்ஸுக்குப் போன் செய்வோம்.